பிடியரிசி

உயிர்களுக்கெல்லாம் பொதுவான துன்பம் ஒன்று உண்டெனின், அது பசியே ஆகும். கற்றவர் கல்லாதவர், செல்வர் வறியவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. எல்லாரிடத்தும் அது நாள்தோறும் தவறாமல் வருகின்றது. ஆயினும், செல்வர் வீட்டுப் பசி உணவு வேளையை அறிவித்துவிட்டு அகன்று விடுகின்றது. வறியவர் வீட்டுப் பசியோ வந்த இடத்தை விட்டு அகல மறுக்கின்றது. உழுவதற்கு நிலமும், பாய்வதற்கு நீரும், விளைந்ததைச் சேர்த்து வைக்கக் களஞ்சியங்களும் உள்ள நாட்டில் இவ்வேறுபாடு ஏன் நிலவுகின்றது? இக்கேள்வி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்து வந்தது. நூல்களில் அதற்கு விடை தேடினேன். ஆனால், அந்நூல்களின் பொருளை எனக்கு நன்கு விளங்கச் செய்தது எங்கள் ஊரில் உள்ள உணவு வங்கியே ஆகும். அங்கு மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் தொண்டு செய்து வருகின்றேன். அங்கே கண்டவற்றையும், அவை எழுப்பிய எண்ணங்களையும் இங்கே கூறுகின்றேன்.

வங்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குப் பணமே நினைவுக்கு வரும். மிகுதியாக உள்ளவர் சேர்த்து வைப்பதும், தேவைப்படுவோர் பெற்றுக்கொள்வதும் வங்கியின் இயல்பு. பணத்திற்குப் பதிலாக உணவைச் சேர்த்து வைத்துப் பசித்தவர்க்கு வழங்கும் இடமே உணவு வங்கி. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் 1967ஆம் ஆண்டில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். விற்பனைக்கு ஆகாதவை என்று கடைகளில் ஒதுக்கப்பட்டும், உண்பதற்குக் குறைவின்றி இருந்த பொருள்களைத் திரட்டி ஏழைகளுக்குக் கொடுப்பதே அதன் பணி. பின்னர் அம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று.

பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று. பொருள் பெற்றவன் அதனைச் சேமித்து வைத்தற்குரிய இடம் வறியவரின் பசித்த வயிறே என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தில் அமைத்துள்ளார். நம் வீடுகளில் பிடியரிசி என்ற வழக்கம் ஒன்றும் உண்டு. உலையில் இடுவதற்காக அரிசியை அளந்து எடுக்கும் பெண்மணி, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இடுவார். கலயம் நிறைந்ததும் அவ்வரிசி அறச்செயலுக்குப் பயன்படும். எங்கள் ஊர் உணவு வங்கி இப்பிடியரிசியை அடிப்படையாகக் கொண்டே நடைபெறுகின்றது.

எங்கள் ஊர் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரம். ஊரைச் சுற்றி நான்கு புறமும் நெல்வயல்கள். பழைய நெல் மண்டி ஒன்றின் பின்புறத்தில் உள்ள ஓட்டுக் கொட்டகையை அதன் உரிமையாளர் எங்களுக்கு விட்டுக் கொடுத்துள்ளார். ஏறத்தாழ 200 வீடுகளில் பிடியரிசிக் கலயங்கள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாணவர்கள் மிதிவண்டிகளில் சென்று அவ்வரிசியைத் திரட்டி வருவர். ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ளது. அதனைச் சமைத்தால் ஒரு சிறுவனுக்கும் வயிறு நிறையாது. ஆனால், 200 வீடுகளின் பிடிகள் சேரின் நாளொன்றுக்கு 10 கிலோ ஆகின்றது. வாரம் ஒன்றுக்கு 70 கிலோ ஆகின்றது. ஒருவர் வீட்டில் குறைந்தது தெரியாத அரிசி, பலர் வீட்டில் உலை கொதிக்கச் செய்கின்றது.

அரிசியைப் புடைத்துக் கல் நீக்கித் தராசில் நிறுத்துப் பைகளில் கட்டுவது என் வேலை. வணிகர் சிலர் கொடுக்கும் பருப்பையும் எண்ணெயையும் அப்பைகளோடு சேர்ப்போம். ஞாயிறு காலையில் அவற்றை வழங்குவோம். எஞ்சிய அரிசியைக் கொண்டு, சனி ஞாயிறு மாலைகளில் பெரிய அண்டாக்களில் சாம்பார்ச் சோறோ புளிச்சோறோ ஆக்கி, அருகிலுள்ள மருத்துவமனை வாயிலுக்கு எடுத்துச் செல்வோம்.

இவற்றையெல்லாம் முன்னின்று நடத்துபவர், செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டியார். ஊரார் அனைவரும் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பர். அவர் வகுத்த விதிகள் மூன்று. வரிசையில் நிற்பவரை நிழற்படம் எடுத்தல் ஆகாது. அவர்களை "வாருங்கள்" என்றே அழைத்தல் வேண்டும். பொருளைக் கொடுப்பதற்கு முன் எக்கேள்வியும் கேட்டல் ஆகாது. நான் சேர்ந்த புதிதில், வருவோரின் தொழில், வருவாய் முதலியவற்றை எழுதி வைத்தால் பயனுண்டே என்று அவரிடம் கூறினேன். "எழுதலாம், தம்பி. ஆனால், பையைக் கையில் கொடுத்த பிறகு எழுதலாம். கேள்விக்கு விடை சொன்னால்தான் சோறு என்று பசித்தவர் எண்ணிவிட்டால், அவர் உண்மையைச் சொல்ல மாட்டார், நமக்குப் பிடித்ததைச் சொல்வார்" என்றார். அவர் கூறியவாறே ஒரு குறிப்பேடு தொடங்கினேன். விரும்பிக் கூறியவர்களின் நிலையை மட்டும் பெயர் குறியாமல் அதில் எழுதி வந்தேன்.

அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இருப்பவர் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மையார். இளமை முதல் நாற்று நடவும், களை பறிக்கவும், கதிர் அறுக்கவும் சென்றவர். அறுவடைக் காலத்தில் முன்பு அவருக்குக் கூலியாக நெல்லே கிடைக்கும்; அதனைக் கொண்டு சில திங்கள் குடும்பம் நடக்கும். இப்போது பெரும்பாலான வயல்களில் இயந்திரமே கதிர் அறுக்கின்றது. பல ஆட்கள் பல நாள் செய்த வேலையை அது சில மணி நேரத்தில் முடித்து விடுகின்றது. "நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "அரிசிக்குக் குறையில்லை, ஐயா. கொடுக்கிறார்கள், வாங்குகிறேன். அந்தச் சோற்றோடு பிசைந்து உண்ணத்தான் ஒன்றுமில்லை. பருப்பும் காயும் வாங்கக் காசு வேண்டுமே! காசுக்கு வேலை வேண்டுமே!" என்றார் அவர்.

அவர் கூறிய மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. வயிறு நிரம்பினாலும் உடலுக்கு வேண்டிய சத்து நிரம்பாத நிலையும் பசியின் ஒரு வகையே ஆகும். அது கண்ணுக்குப் புலனாகாது. ஆனால் குருதியில் புலனாகும். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர் என்று காட்டிற்று. அரிசி மூட்டைகளை மட்டும் எண்ணிப் பார்த்து, ஒரு நாட்டில் பசி இல்லை என்று முடிவு செய்தல் இயலாது.

இரண்டாமவர் ஒரு முதியவர். அவருடைய மக்கள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்று விட்டனர். மனைவியும் காலமாகிவிட்டார். வீட்டில் அரிசி உண்டு, அடுப்பும் உண்டு. ஆனால், கை நடுக்கத்தால் உலை வைத்து வடிக்க இயலாது. அவருக்கு வேண்டியது அரிசிப் பை அன்று, ஆக்கிய சோறு. இதனை அறிந்த பின், அவர் தெருவில் உள்ள ஒரு குடும்பத்தினர் நாள்தோறும் ஒரு வேளை உணவு கொடுத்து வருகின்றனர். அக்குடும்பத்தின் பிடியரிசிக் கலயம் அன்று முதல் எங்களிடம் வருவதில்லை; அது வர வேண்டிய இடத்திற்கு நேராகவே சென்று விடுகின்றது.

மூன்றாமவரை நான் மருத்துவமனை வாயிலில் கண்டேன். அவர் ஒரு கொத்தனார். எங்கள் வங்கிக்குப் பிடியரிசி அளிக்கும் வீடுகளுள் அவர் வீடும் ஒன்று. ஒரு சனிக்கிழமை மாலை வரிசையின் ஓரத்தில், சுவரைப் பார்த்தவாறு அவர் நின்றிருந்தார். மனைவியை நோயின் பொருட்டு அங்குச் சேர்த்துப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. உள்ளே இருக்கும் நோயாளிக்கு மருத்துவமனையில் உணவு உண்டு, உடனிருப்பவர்க்கு இல்லை. அவர் வேலைக்குச் சென்றால் மனைவிக்குத் துணையில்லை. துணையாக இருந்தால் நாட்கூலி இல்லை. கையில் இருந்த பணம் மருந்துக்கும் பேருந்துக்கும் செலவாகிவிட்டது. வாழை இலையில் சோற்றை வாங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மா அவர் அருகில் சென்று, "தம்பி, இதில் உன் வீட்டு அரிசியும் இருக்கிறது. உன் வீட்டுச் சோற்றைத்தான் நீ உண்கிறாய்" என்றார். அதன் பின்னரே அவர் நிமிர்ந்தார்.

அவர் மனைவி நலம் பெற்று வீடு திரும்பினார். அவ்வீட்டுக் கலயத்திலும் மீண்டும் அரிசி விழத் தொடங்கிற்று. எனினும், அந்நாள்களில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. கொடுப்பவர் வரிசைக்கும் வாங்குபவர் வரிசைக்கும் இடையே உள்ள தொலைவு சில குடும்பங்களுக்கு ஒரு நோயின் தொலைவே என்பதை அவர் வாயிலாக அறிந்தேன்.

மூன்று ஆண்டுகளில் குறிப்பேடு நிறைந்துவிட்டது. ஒரு நாள் இரவு அமர்ந்து, அதனை முதலிலிருந்து இறுதி வரை படித்தேன். வேலையின்மை, நோய், முதுமை, தனிமை, கடன், குடும்பத்தைக் காப்பவரின் மறைவு என்னும் காரணங்களே திரும்பத் திரும்ப வந்தன. "ஊரில் அரிசி இல்லை, ஆதலால் பசித்திருந்தேன்" என்று கூறியவர் ஒருவரும் இலர். எங்கள் கொட்டகையிலிருந்து நூறடி தொலைவில் நெல் மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. நெல் அருகில் இருந்தது. ஆனால் அதனைப் பெறும் வழி அவர்களிடம் இல்லை.

மளிகைக் கடை உரிமையாளர் ஒருவர் ஒரு நாள் என்னிடம், "வாத்தியாரையா, இப்படி இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் சோம்பேறிகளாக ஆகிவிட மாட்டார்களா?" என்று கேட்டார். அவர் வன்னெஞ்சர் அல்லர். இளமையில் கடின உழைப்பால் உயர்ந்தவர். ஆதலால் அவர் கேள்வியை நான் புறக்கணிக்கவில்லை. குறிப்பேட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தேன். "உழைக்க வலிமையும், உழைப்பதற்கு வேலையும் இருந்தும் இங்கு வந்து நிற்பவர் யாரேனும் இதில் உளரா, பாருங்கள்" என்றேன். நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். அவர் தம் கருத்தை முழுதும் மாற்றிக்கொண்டார் என்று கூற மாட்டேன். ஆனால், அத்திங்கள் முதல் அவர் கடையிலிருந்து ஒரு மூட்டைத் துவரம்பருப்பு தவறாமல் வருகின்றது.

எங்கள் சிறிய ஊரில் கண்ட உண்மையையே பெரிய அளவில் வரலாறும் காட்டுகின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று குறிப்பிட்டனர். மழை பொய்த்தது உண்மையே. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர் என்று மதிப்பிடுவர். ஆனால், அக்காலத்திலும் இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தானியம் ஏற்றுமதி ஆகிக்கொண்டுதான் இருந்தது. மழையின்றி உழவுத்தொழில் நின்றது. தொழில் நிற்கவே கூலி நின்றது. தானிய விலையோ ஏறிற்று. விலை கொடுக்க இயலாதவர்க்கு, கடையில் இருந்த தானியமும் இல்லாததற்கு ஒப்பாயிற்று.

அரசினர் பஞ்ச நிவாரண வேலைகளைத் தொடங்கினர். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே ஆகும். ஆயினும், செலவைக் குறைக்க விரும்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவுமே கூலி என்று 1877ஆம் ஆண்டில் விதித்தார். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக மறுத்துரைத்தார். பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. பசியைத் தீர்ப்பதற்கென்று செய்யும் ஏற்பாட்டிலும் அளவு தவறினால் உயிர் போகும் என்பதற்கு இதுவே சான்று.

1943ஆம் ஆண்டு வங்கத்தில் மற்றொரு பஞ்சம் தோன்றிற்று. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் அதில் உயிரிழந்தனர். அப்போது சாந்திநிகேதனத்தில் பாட்டனார் வீட்டில் வளர்ந்த சிறுவர் ஒருவர், பசித்து வந்தவர்க்கு அரிசி கொடுக்க விரும்பினார். குடும்பம் ஒன்றுக்கு ஒரு சிறு தகர டப்பா அளவு கொடுக்கலாம் என்று பாட்டனார் இசைந்தார். அச்சிறுவரே பிற்காலத்தில் பொருளியல் அறிஞராக விளங்கி, 1998ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் ஆவார்.

அன்று டப்பாவால் அரிசி அளந்த அவர், வளர்ந்த பின் அப்பஞ்சத்தின் காரணத்தையே ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1981ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. வங்கத்தில் 1943இல் கிடைத்த உணவு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரியைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே குறைவு என்றும், பஞ்சம் இல்லாத 1941ஆம் ஆண்டைவிட அது மிகுதியே என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வாறாயின், மக்கள் மாண்டது எதனால்? அது போர்க்காலம். பர்மா நாட்டிலிருந்து வந்த அரிசி நின்றது. நகரத்தில் போர்ச் செலவு பெருகியதால் அரிசியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. நாட்டுப்புற உழவுத் தொழிலாளரின் கூலியோ அவ்வாறு உயரவில்லை. நிலமற்ற உழவுத் தொழிலாளரும் மீனவரும் முதலில் வீழ்ந்தனர். உணவு இருப்பது வேறு, அதனை அடையும் உரிமையும் ஆற்றலும் ஒருவரிடம் இருப்பது வேறு என்பதே சென் கண்ட முடிவின் சாரம். எங்கள் ஊர் அம்மையார், "காசுக்கு வேலை வேண்டுமே!" என்று கூறியதும் இதுவே அன்றோ?

இந்நாடு விடுதலை பெற்றுப் பசுமைப் புரட்சியும் கண்ட பின்னர், 2001ஆம் ஆண்டில் அரசின் தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அதே ஆண்டில் இராசத்தான் முதலிய பகுதிகளில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தனர். கிடங்கும் பட்டினியும் ஒரே நாட்டில் இருத்தல் தகுமோ என்று மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் 2001 நவம்பர் 28ஆம் நாள் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. பின்னர், 2013ஆம் ஆண்டில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பள்ளியில் உணவளிக்கும் முறையில் தமிழகம் முன்னரே வழி காட்டியது. சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்த காலத்தில், 1920ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பள்ளி ஒன்றில் மாணவர்க்கு நண்பகல் உணவு அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் மாநிலப் பள்ளிகளில் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்சிக் காலத்திலும் இப்பணி வளர்ந்து வந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இத்திட்டங்களில் ஒரு சிறப்பு உண்டு. பள்ளியில் உணவுக்காக வரிசையில் அமரும் சிறுவன் தலை குனிவதில்லை. அவன் எவரிடமும் இரந்து நிற்கவில்லை. மாணவன் என்ற முறையில் தனக்கு உரியதைப் பெறுகின்றான். மருத்துவமனை வாயிலில் சுவரைப் பார்த்து நின்ற கொத்தனாரை நினைக்கும்போதெல்லாம் இவ்வேறுபாடு எனக்குத் தோன்றுவதுண்டு. இரக்கத்தால் வரும் உணவு உயிரைக் காக்கின்றது. உரிமையால் வரும் உணவு உயிரோடு மானத்தையும் காக்கின்றது.

உலகம் முழுவதையும் நோக்கினும் நிலை இதுவே. 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியால் வாடினர் என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன. 2022ஆம் ஆண்டில் வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கடைகளிலும் வீணாகிய உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. நுகர்வோர்க்குக் கிடைத்த உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இலையில் எறியும் ஒரு பிடிச் சோறு தானே நடந்து சென்று பசித்தவரை அடைந்து விடாது என்பது உண்மையே. ஆயினும், அச்சோற்றை விளைவிக்கச் செலவான நீரும் நிலமும் உழைப்பும் அதனோடு வீணாகின்றன என்பதை நாம் மறத்தல் கூடாது.

அவ்வாறாயின், பிடியரிசியால் பயன் யாது என்று சிலர் கேட்கலாம். வேலையும், நியாயமான கூலியும், நோய்க்காலத்தில் துணையும், முதுமையில் பாதுகாப்பும் இல்லாத வரையில், ஒரு பிடி அரிசி பசியின் வேரைத் தொடாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும், வேரைத் தேடிச் செல்வதற்கும் நாள்கள் பல வேண்டும். இன்று மாலை மருத்துவமனை வாயிலில் நிற்பவர் அதுவரை காத்திருக்க இயலாது. மேலும், அங்குச் சென்று சோறு வழங்கியிராவிடின், பசியின் காரணங்களை நான் ஏட்டில் மட்டுமே படித்திருப்பேன். பசித்தவரின் அருகில் நிற்பவர்க்கே, அவர் ஏன் பசித்தார் என்று கேட்கும் தகுதியும் பொறுப்பும் உண்டாகின்றன.

மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மணிமேகலைக்கு முன் அதனை ஏந்தியவன் ஆபுத்திரன். அவன் மதுரையில் இருந்து, பசித்து வந்தோர்க்கெல்லாம் உணவளித்தான். பின்னர் இந்திரன் பாண்டிய நாட்டில் நன்றாக மழை பொழியச் செய்தான். நாடு செழித்தது; உணவு நாடி வருவோர் ஒருவரும் இல்லாது போயினர். ஆபுத்திரனின் பாத்திரத்திற்கு வேலை இல்லாமற் போயிற்று. அவன் அதற்காக வருந்தினான் என்றும், பசித்தவரைத் தேடி வேற்று நாடு செல்ல முற்பட்டான் என்றும் காப்பியம் கூறுகின்றது.

இக்கதையைப் பெரியம்மாவிடம் ஒரு நாள் கூறினேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நானாக இருந்தால் வருந்தியிருக்க மாட்டேன், தம்பி. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பேன்" என்றார். உணவு வங்கியின் நோக்கத்தை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. பணம் சேர்க்கும் வங்கிக்கு வாடிக்கையாளர் பெருகுவது வளர்ச்சி. உணவு வங்கிக்கு வருவோர் குறைவதே வளர்ச்சி.

மாணவர்களே! உங்களுள் மருத்துவர் ஆவோர் இருப்பீர்கள். உழவர் ஆவோர், பொறியாளர் ஆவோர், வணிகர் ஆவோர், சட்டம் இயற்றுவோர் ஆவோரும் இருப்பீர்கள். அறுவடைக்குப் புதிய இயந்திரம் அமைப்பவர், அதனால் வேலை இழப்பவர்க்கு வேறு வேலை யாது என்றும் எண்ணுதல் வேண்டும். மருத்துவமனை அமைப்பவர், நோயாளியின் அருகில் இருப்பவர் எங்கே உண்பார் என்றும் எண்ணுதல் வேண்டும். சட்டம் இயற்றுபவர், கிடங்கில் உள்ள நெல் எவ்வழியாகக் கடைக்கோடி வீட்டின் உலையை அடையும் என்று எண்ணுதல் வேண்டும். இவையெல்லாம் நாளைய பணிகள். இன்று உங்கள் வீட்டில் உலை வைக்கும்போது, அன்னையாரிடம் கூறி ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். அது யாருக்குச் செல்கின்றது என்று அறிந்துகொள்ளுங்கள். அவர் ஏன் பசித்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொடுக்கும் கையும் காரணம் தேடும் அறிவும் ஒன்று சேருமாயின், பசியை இந்நாட்டிலிருந்து அகற்றுதல் அரிய செயல் அன்று.